சர் ஹூபர்ட் வில்கின்ஸ்: ஒற்றை என்ஜினில் வட துருவக் கடலைக் கடந்தவர்

இந்த மலரில் ஹாஸ்டல் நினைவுகளை எழுத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றிச் சொல்ல எனக்கும் விஷயம் உண்டு. அது அடுத்த மலருக்கு. இப்போது ஜார்ஜ் ஹூபர்ட் வில்கின்ஸ் என்ற மனிதரைப் பற்றி எழுத ஆசை. 1928-ல் ஒரே ஒரு என்ஜின் வைத்த சின்ன விமானத்தில், அலாஸ்காவிலிருந்து கிளம்பி வட துருவக் கடலைத் தாண்டி ஐரோப்பாப் பக்கம் போய் இறங்கியவர். துணிச்சல்காரர்கள் அந்தக் காலத்தில் பலர். ஆனால் இந்த ஆள் அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பிரையன் ஈஸ்ட் என்ற வறண்ட பகுதியில் 1888-ல் பிறந்தார். பதின்மூன்றாவது பிள்ளை, கடைக்குட்டி. விவசாயக் குடும்பம். பையனாக இருக்கும்போதே பெரும் வறட்சி வந்து ஆடுகள் செத்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் இந்த அழிவு இல்லையே என்ற எண்ணம் அப்போது மனதில் விழுந்தது, கடைசி வரை போகவில்லை. உலகத்தின் வானிலை துருவங்களின் குளிரைச் சார்ந்தது; எனவே இரண்டு துருவங்களைச் சுற்றியும் வானிலை நிலையங்கள் வேண்டும் என்பது அவருடைய முடிவு. நிலையம் வைக்க நிலம் வேண்டும். வட துருவக் கடலில் நிலம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்! இவ்வளவுதான் அவருடைய வாழ்க்கைத் திட்டம்.

அடிலெய்டில் உள்ள சுரங்கவியல் கல்லூரியில் பகுதி நேரமாக என்ஜினீயரிங் படித்தார். பிறகு இங்கிலாந்து போய் சினிமாப் படம் பிடிக்கும் வேலை. பால்கன் போரை 1912-ல் படமெடுத்தார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1913-ல் ஸ்டெஃபான்ஸன் தலைமையிலான கனடா ஆர்க்டிக் பயணத்தில் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். அங்கேதான் உண்மையான படிப்பு. பனியில் வீடு கட்டுவது, வேட்டையாடிச் சாப்பிடுவது, உறைந்த கடல்மேல் நாள்கணக்கில் நடப்பது எல்லாம் கைவந்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையின் புகைப்படக்காரர். ராணுவச் சிலுவை விருது இரண்டு முறை. 1919-ல் இங்கிலாந்து–ஆஸ்திரேலியா விமானப் போட்டியில் கலந்துகொண்டு கிரீட் தீவோடு பயணம் முடிந்தது. இவற்றையெல்லாம் நான் வேகமாகச் சொல்லிப் போவதற்குக் காரணம், நம் கதை 1926-ல்தான் ஆரம்பம்.

அந்த ஆண்டு டெட்ராய்ட் நகரத்துக்காரர்கள் பணம் போட்டார்கள். இரண்டு ஃபோக்கர் விமானங்கள் வாங்கப்பட்டன. ஒன்று பெரியது, மூன்று என்ஜின். மற்றொன்று ஒரே என்ஜின். விமானியாக வந்தவர் கார்ல் பென் ஐல்சன். வடக்கு டகோட்டாக்காரர், ஃபேர்பேங்க்ஸ் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர், 1924-ல் அலாஸ்காவில் விமானத் தபால் ஓட்டிக் காட்டியவர். ஃபேர்பேங்க்ஸில் வேலை தொடங்கியதுமே சோதனை. பனியில் சிக்கிய விமானத்தை விடுவிக்கும்போது, கூட வந்த பத்திரிகையாளர் ஒருவர் சுழலும் புரொப்பெல்லரில் பட்டு இறந்துபோனார். அடுத்த சில நாட்களிலேயே இரண்டு விமானங்களும் தரையிறங்கும்போது அடிபட்டன. ரிப்பேர் செய்து, சின்ன ஃபோக்கரில் பெட்ரோலைச் சுமந்துகொண்டு வடகோடியில் உள்ள பாரோவுக்குப் பறந்தார்கள். (அந்த ஊருக்கு 2016 முதல் உட்கியாக்விக் என்ற பழைய பெயரே மறுபடி வந்துவிட்டது.) ஃபேர்பேங்க்ஸிலிருந்து சுமார் 500 மைல். நடுவில் இருந்த மலைகள், வரைபடம் சொன்னதைவிட உயரம்! பெட்ரோல் சேர்ப்பதற்கே அந்த வருடம் போய்விட்டது. மே மாதம் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே மூவரும் நார்ஜ் என்ற ஆகாயக் கப்பலில் துருவத்தைத் தாண்டி அலாஸ்கா வந்து இறங்கிவிட்டார்கள்.

இன்னொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். 1927-ல் வில்கின்ஸ் இரண்டு சின்ன ஸ்டின்சன் விமானங்களோடு மறுபடி வந்தார். மார்ச் 29-ம் தேதி பாரோவிலிருந்து கிளம்பி 500 மைலுக்கு மேல் கடலுக்குள் போன பிறகு என்ஜின் தகராறு செய்தது. நடுக்கடலில் இறங்கினால் செத்தோம் என்பது மற்ற விமானிகளின் கணக்கு. இவர் கணக்கு வேறு. நல்ல பனிப்பாளம் பார்த்து இறங்கலாம், சரி செய்து எழும்பலாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தவர். அப்படியே இறங்கினார்கள். ஐல்சன் வெறுங்கையால் என்ஜினைச் சரிபார்க்க, வில்கின்ஸ் எதிரொலிக் கருவியை வைத்துக் கடலின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார்! எழும்பினார்கள், மறுபடி இறங்கினார்கள், மறுபடி எழும்பினார்கள். கடைசியில் இருட்டில், புயலில், பெட்ரோல் தீர்ந்து, எதுவும் தெரியாமலேயே பனிமேல் இறங்கியது விமானம். சில நாள் அதற்குள்ளேயே கிடந்து, புயல் ஓய்ந்ததும் விமானத்தின் பாகங்களைப் பிரித்துச் சறுக்கு வண்டி செய்து, இரவில் பனிவீடு கட்டித் தூங்கி, நூறு மைல் அளவுக்கு நடந்தே கரை சேர்ந்தார்கள். ஐல்சனுக்கு ஒரு விரல் போச்சு. ஸ்டெஃபான்ஸனிடம் படித்த பாடம் உயிரைக் காப்பாற்றியது.

பணம் போட்டவர்கள் இத்தோடு கைகழுவினார்கள். வில்கின்ஸ் மூன்று என்ஜின் ஃபோக்கரைச் சக ஆஸ்திரேலியரான சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்துக்கு விற்றார். அதுதான் சதர்ன் க்ராஸ். 1928-ல் பசிபிக் பெருங்கடலை முதன்முதலாகத் தாண்டிய விமானம். விற்ற பணத்தில் வில்கின்ஸ் வாங்கியது லாக்ஹீட் வேகா.

மெக்கானிக்கல் படித்தவன் என்ற உரிமையில் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். வேகா முழுக்க மரம். ஜாக் நார்த்ராப் வடிவமைத்தது. கான்கிரீட் அச்சுக்குள் மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, மேலே ரப்பர் பையை வைத்துக் காற்றடித்து அழுத்துவார்கள். பாதி முட்டை ஓடு மாதிரி ஒரு பக்கம் வந்துவிடும். இரண்டு ஓடுகளைச் சேர்த்தால் உடல் தயார். உள்ளே சட்டம் குறைவு, வெளியே தாங்கு கம்பிகள் கிடையாது. கம்பி இல்லையென்றால் காற்றின் எதிர்ப்பு குறையும், அதே பெட்ரோலில் அதிக தூரம் போகலாம். ரைட் கம்பெனியின் சுமார் 220 குதிரைசக்தி வேர்ல்விண்ட் என்ஜின். 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அதே வகை என்ஜினில்தான். இத்தனைக்கும் முதன்முதலில் செய்த வேகா, 1927 ஆகஸ்டில் ஹவாய்க்குப் போன போட்டியில் கடலில் காணாமல் போயிருந்தது. தெரிந்தேதான் வாங்கினார்.

மூன்று என்ஜின் பத்திரமில்லையா என்று கேட்கலாம். பெட்ரோல் நிரம்பிய பாரத்தில் ஒரு என்ஜின் நின்றால் மீதி இரண்டும் விமானத்தைத் தாங்காது. அப்படியென்றால் அவை பேரலல் இணைப்பு இல்லை, சீரிஸ் இணைப்பு. கோளாறுக்கு வாய்ப்பு மூன்று மடங்கு. பெட்ரோலையே விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய ஊரில் சின்ன விமானம்தான் புத்திசாலித்தனம்.

அடுத்தது நேரம். ஏப்ரல் நடுவில்தான் கிளம்ப வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன்னால் போதிய வெளிச்சம் கிடையாது. பிந்தினால் பனி உருகிச் சறுக்குக் கட்டைகள் சிக்கும், மூடுபனியும் கூடும்.

எல்லாவற்றையும்விடச் சிரமம் வழி கண்டுபிடிப்பது. காந்த வட துருவம் அப்போது கனடாவின் வடக்கே இருந்தது. இவர் பாதையோ அதற்கும் நிஜத் துருவத்துக்கும் நடுவில். அங்கே திசைகாட்டி முள் கிட்டத்தட்ட தெற்கைக் காட்டும். அதுவும் போதாதென்று, வடகிழக்கு நோக்கிக் கிளம்பிய விமானம் எங்கும் திரும்பாமல் நேராகவே போனாலும் கடைசியில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பூமி உருண்டை செய்கிற வேலை. ஆகவே எந்த நேரத்தில் முள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று இருபதுக்கும் மேற்பட்ட திசை மாற்றங்களை முன்கூட்டியே கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டார். வழியில் செக்ஸ்டன்ட் கருவியில் சூரியனைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வது. கால்குலேட்டர் இல்லாத காலம், ஐயா!

பாரோவில் உள்ளூர் எஸ்கிமோ மக்கள் மண்வாரியால் பனியை வெட்டி ஒடுக்கமான ஓடுபாதை போட்டுக் கொடுத்தார்கள். முதல் முயற்சிகளில் பாரம் தாங்காமல் விமானம் எழும்பவில்லை. பாதையை மாற்றி வெட்டினார்கள். 1928 ஏப்ரல் 15-ம் தேதி எழும்பியது. முன்னால் ஐல்சன், பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால் வில்கின்ஸ். பேச்செல்லாம் துண்டுச் சீட்டில். சுமார் 2,200 மைல், 20 மணி 20 நிமிடம். கடைசியில் ஸ்பிட்ஸ்பெர்கனில் புயல் பிடித்துக்கொண்டது. ஆளில்லாத சின்னத் தீவு ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு இறங்காத குறைதான். ஐந்து நாள் அங்கேயே. வானம் தெளிந்ததும் கிளம்பப் பார்த்தால் விமானம் நகரவில்லை. வில்கின்ஸ் இறங்கி வாலைத் தள்ளினார். விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்தே போய்விட்டது! ஐல்சன் திரும்பி வந்தார். இரண்டாம் தடவையும் இதே கதை. மூன்றாம் தடவை உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு மரக்கட்டையால் ஊன்றித் தள்ளி ஏறிப் போனார்கள். சில நிமிடத் தூரத்தில் கிரீன் ஹார்பர் வானொலி நிலையம்.

நிலம் தெரிந்தால் நரி என்று எழுதுவதாக அமெரிக்கப் புவியியல் சங்கத்தோடு ரகசிய ஏற்பாடு. நரி எதுவும் தென்படவில்லை என்று தந்தி கொடுத்தார். மூன்று வருட உழைப்புக்குக் கிடைத்த விடை, அந்தப் பாதையில் நிலம் இல்லை என்பதுதான். என்னைக் கேட்டால் அதுவும் முழு விடைதான்.

அந்த வருடமே சர் பட்டம். நவம்பர், டிசம்பரில் அதே வகை விமானத்தில் அண்டார்டிகாவில் முதன்முதலாக விமானம் ஓட்டியதும் இந்த இருவரே. ஆனால் கிரஹாம் நிலம் தீவுக் கூட்டம் என்று வில்கின்ஸ் மேலிருந்து பார்த்துச் சொன்னது தப்பு. 1934-37-ல் ரைமில் குழு அது தீபகற்பம் என்று நிரூபித்தது. ஐல்சன் 1929-ல் சைபீரியாவில், பனியில் சிக்கிய கப்பலுக்கு உதவப் போய் விபத்தில் இறந்தார். 1931-ல் வில்கின்ஸ் வாடகைக்கு எடுத்த பழைய நீர்மூழ்கியில் பனிக்கு அடியில் போகப் பார்த்தார். முழுகுவதற்கான பின் சுக்கான்கள் காணாமல் போயிருந்தும் கொஞ்சதூரம் போய்த்தான் திரும்பினார்.

அவர் கேட்ட வானிலை நிலையம் 1937-ல் வந்தது. சோவியத் ஆட்கள் துருவத்தருகே விமானத்தில் போய் மிதக்கும் பனிமேலேயே இறங்கிக் கூடாரம் போட்டார்கள், நிலம் தேவைப்படவில்லை. வில்கின்ஸ் 1958 இறுதியில் காலமானார். அடுத்த மார்ச் 17-ம் தேதி ஸ்கேட் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி துருவத்தில் பனியைப் பிளந்து மேலே வந்தது. அங்கே காற்றில் அவருடைய சாம்பலைத் தூவினார்கள்.