கடல் நூல் தந்த கப்பற்றலைவர் பீரி ரெய்ஸ்

1929ஆம் ஆண்டு இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனையை அருங்காட்சியகமாக்கும் பணி நடைபெற்றபோது, அங்கிருந்த சுவடிகளுக்கிடையே மான்தோலில் தீட்டிய பழைய உலகப் படத்தின் ஒரு பகுதி வெளிப்பட்டது. ஸ்பெயின், மேற்கு ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல், அதற்கப்பால் தென்னமெரிக்காவின் கரை ஆகியவை அதில் காணப்பட்டன. ஹிஜ்ரி 919, முஹர்ரம் மாதம், அஃதாவது கி.பி. 1513 என்ற காலக்குறிப்பும், வரைந்தவர் பெயரும் அதிலேயே இருந்தன. அப்படத்தின் ஐந்நூறாம் ஆண்டாகிய 2013இல் யுனெஸ்கோ நிறுவனமும் அதனை நினைவுகூர்ந்தது. ஆயினும், படத்தை வரைந்த பீரி ரெய்ஸ் எண்பது வயதைக் கடந்த முதுமையில், தாம் உழைத்த அரசின் ஆணையாலேயே உயிரிழந்தார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வரலாற்றையே ஈண்டு நாம் காண விழைகிறோம்.

ரெய்ஸ் என்பது கப்பற்றலைவரைக் குறிக்கும் பட்டம். முஅல்லிம் என்னும் அரபுச் சொல் நம் மொழியில் மாலுமி ஆனதுபோல, ரஈஸ் என்னும் அரபுச் சொல் துருக்கியில் ரெய்ஸ் ஆயிற்று. கல்லிப்போலியில் வளர்ந்த பீரி, இளமையிலேயே தம் சிறிய தந்தை கமால் ரெய்ஸுடன் கடலேறினார். கடற்சூறையிற் பெயர்பெற்றிருந்த கமாலை 1495இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் அரசுப் பணியில் அமர்த்தியபோது பீரியும் உதுமானியக் கடற்படையிற் சேர்ந்தார். வெனிஸ் அரசுடன் 1499இல் மூண்ட போரில் தனிக்கப்பலுக்குத் தலைமை தாங்கினார். பின்னர்க் கமால் கடலில் மாண்டதும், பீரி கல்லிப்போலிக்குத் திரும்பிப் படம் வரையத் தொடங்கினார்.

கொலம்பஸ் வரைந்த படம் உட்பட ஏறத்தாழ இருபது மூலங்களை ஒப்புநோக்கி அமைத்த அவ்வுலகப் படத்தை, 1517இல் எகிப்தை வென்ற சுல்தான் சலீமிடம் அவர் நேரிற் சமர்ப்பித்தார். அதனினும் அரியதாக நாம் கருதுவது, 1521இல் இயற்றி 1526இல் விரித்தெழுதிய கிதாபே பஹ்ரிய்யா என்னும் கடல் நூலையே. எத்துறையில் நன்னீர் கிடைக்கும், எங்கே பாறை மறைந்திருக்கும், எக்காற்றுக்கு எக்குடாவில் ஒதுங்கலாம் என்றெல்லாம் மத்தியதரைக் கடலின் கரைகளை அதில் அவர் விளக்குகிறார். அந்நூலின் செய்யுட்பகுதியில் இந்தியப் பெருங்கடலையும் பாடி, ஹுர்முஸ் தீவில் போர்த்துகீசியர் கோட்டை கட்டியிருப்பதையும் குறித்துள்ளார். அக்கோட்டையே கால் நூற்றாண்டு கழித்துத் தமக்கு இறுதி கட்டும் என்பதை அன்று அவர் எங்ஙனம் அறிவார்!

1547இல் சூயஸ் துறைமுகத்தை நிலையாகக் கொண்ட இந்தியப் பெருங்கடற் படைக்கு அவர் தலைவரானார். கைவிட்டுப் போயிருந்த ஏடனை மீட்டார். 1552இல் ஏறத்தாழ முப்பது கப்பல்களுடன் புறப்பட்டு, மஸ்கத்தைப் பிடித்து, ஹுர்முஸை முற்றுகையிட்டார். நகரம் வசமாயிற்று, கோட்டை வசப்படவில்லை. முற்றுகையை நீக்கியவர், அருகிலிருந்த கிஷ்ம் தீவைச் சூறையாடிப் பொருள் குவித்துக்கொண்டு பஸரா சென்றார். வணிகரும் எளிய மக்களும் வாழ்ந்த அத்தீவைக் கொள்ளையிட்டதை நாம் நியாயப்படுத்த இயலாது.

போர்த்துகீசியப் படை வளைகுடாவின் வாயிலை அடைக்க வருகிறது என்ற செய்தி பஸராவில் எட்டியது. பீரி பெரும்பாலான கப்பல்களை அங்கேயே விட்டு, மூன்று கப்பல்களில் பொருளை ஏற்றிக்கொண்டு வெளியேறினார். ஒன்று பஹ்ரைனருகே உடைந்தது. இரண்டே சூயஸை அடைந்தன. பஸராவின் ஆளுநர் கபாத் பாஷா முன்னரே அவர்மீது குற்றஞ்சாட்டி எழுதியிருந்தார். கையூட்டுப் பெற்று முற்றுகையைக் கைவிட்டார் என்பது ஒரு பழி. படையை விட்டு ஓடிவந்தார் என்பது மற்றொன்று. எகிப்தின் ஆளுநர் அவரைச் சிறைப்படுத்தி இஸ்தான்பூலுக்கு அறிவித்தார். சுல்தான் சுலைமானின் ஆணை வந்தது. 1553ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. உடைமைகள் தலைநகருக்கு அனுப்பப்பட்டன.

தலைவன் படையை விட்டு வருதல் எந்நாட்டுக் கடற்படையிலும் பெருங்குற்றமே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், கையூட்டுப் பழியை நம்புதற்கு நாம் தயங்குகிறோம். பீரங்கிகள் நிறைந்த கோட்டை ஒன்று எளிதில் வீழாமைக்குக் கையூட்டுத்தான் காரணமாதல் வேண்டுமோ? ஐம்பதாண்டுப் பணி அவரது தட்டில் வைக்கப்பெற்றதாகவும் தெரியவில்லை.

ஒப்புநோக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பஸராவில் நின்ற கப்பல்களை மீட்டுவர முதலில் முராத் ரெய்ஸ் முயன்று, போர்த்துகீசியரால் தடுக்கப்பட்டுத் திரும்பினார். அடுத்து அனுப்பப்பெற்ற ஸெய்யிதி அலி ரெய்ஸ், 1554இல் பதினைந்து கப்பல்களுடன் புறப்பட்டார். மஸ்கத் அருகே போரிற் சில அழிந்தன. எஞ்சியவற்றைப் புயல் குஜராத் கரைக்கு அடித்துச் சென்றது. கப்பல்களை அங்கேயே விட்டுவிட்டு, தில்லியில் ஹுமாயூன் மறைந்த காலத்தில் அங்குத் தங்கி, தரைவழியே நாடுகள் பல கடந்து 1557இல் அவர் சுல்தானை அடைந்தார். படை முழுவதையும் இழந்து வந்த அவரைச் சுலைமான் மன்னித்து ஊதியமும் வழங்கினார். அவர் நடத்திச்சென்ற அப்பதினைந்தில் ஒன்றேனும் சூயஸை அடையவில்லை.