விமான இன்ஜின் வைத்த கார்!

ரோட்டில் போகும் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் ‘ஹோண்டா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய முழுப்பெயர் சொய்சிரோ ஹோண்டா. ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி வேறொரு வண்டியில் மாட்டிப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை!

ஜப்பானில் ஷிசுவோகா என்ற பகுதியில் உள்ள கோம்யோ கிராமத்தில், 1906ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று பிறந்தார். அப்பா கிஹெய் இரும்புக் கொல்லர். பிறகு சைக்கிள் ரிப்பேர் கடையும் வைத்தார். ஒருநாள் அந்தக் கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு கார் வந்தது. புகையைக் கக்கியபடி போன காரின் பின்னாலேயே சிறுவன் சொய்சிரோ ஓடினான். கார் நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைக் குனிந்து மோந்து பார்த்தான். மற்றவர்களுக்கு நாற்றம், அவனுக்கு அது வாசனை!

1917இல் ஹமாமட்சு நகரத்தில் ஓர் அமெரிக்க விமானி சாகசம் காட்டப் போவதாகச் செய்தி வந்தது. சொய்சிரோவுக்கு அப்போது 10 வயது. வீட்டில் சொல்லாமல் கொஞ்சம் காசை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கும் மட்டம் போட்டுவிட்டு, அப்பாவின் சைக்கிளில் கிளம்பிவிட்டான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டுவதுபோல் குரங்குப் பெடல்தான்! மைதானத்துக்குப் போனால் நுழைவுக் கட்டணத்துக்குக் கையிலிருந்த காசு போதவில்லை. என்ன செய்தான்? பக்கத்திலிருந்த ஒரு பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு விமானம் பறப்பதைப் பார்த்தான். (மட்டம் போட்டதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!)

1922இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் டோக்கியோவில் ‘ஆர்ட் ஷோகாய்’ என்ற கார் ரிப்பேர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்பேனர் பிடிக்கலாம் என்று ஆசையோடு போனவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது! தரையைக் கூட்டுவது! மனம் வெறுத்தாலும் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கார்களில் கைவைக்க வாய்ப்பு வந்தது.

1923 செப்டம்பர் 1. டோக்கியோவைப் பயங்கரமான பூகம்பம் தாக்கியது. எங்கு பார்த்தாலும் தீ. பட்டறையும் எரிந்தது. ரிப்பேருக்கு வந்த கார்களையாவது காப்பாற்றியாக வேண்டும். சொய்சிரோ ஒரு காரில் ஏறி, கூட்டத்துக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் கார் ஓட்டியது அதுதான் முதல் தடவை! தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டனர். இவர் தங்கிவிட்டார். தீயில் கருகிய கார்களைச் சரிசெய்வதே அப்போது பெரிய வேலை. அந்தக் காலத்துக் கார்ச் சக்கரத்தில் ஆரங்கள் மரத்தால் ஆனவை என்பதால் அவையெல்லாம் கரியாகியிருந்தன. புதிதாகச் செதுக்கிப் பொருத்தக் கற்றுக்கொண்டார்.

முதலாளி யூசோ சகாகிபாராவுக்குக் கார் பந்தயத்தில் பெரிய மோகம். புதிய பந்தயக் கார் வாங்கப் பணம் ஏது? நாமே செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். ‘மிட்செல்’ என்ற அமெரிக்கக் காரின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், ஒன்று கிடைத்தது. ‘கர்டிஸ்’ என்ற பழைய விமானத்தின் இன்ஜினும் கிடைத்தது. எட்டு சிலிண்டர் கொண்ட ராட்சத இன்ஜின் அது! இரண்டையும் சேர்த்தால் கார் ஆகிவிடுமா? அங்கேதான் சிக்கல். விமானத்தில் இன்ஜினின் வேலை முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றுவது. கிளட்ச் வேண்டாம், கியர் வேண்டாம். காருக்கோ இரண்டும் வேண்டும். ஒன்றுக்காகச் செய்யப்படாத இன்னொன்றை இணைக்கும் பாகங்கள் கடையில் கிடைக்காது. பட்டறையிலேயே செய்ய வேண்டும். பகலில் ரிப்பேர் வேலை, இரவில் பந்தயக் கார் என்று உழைத்தார்கள்.

1924 நவம்பர் 23 அன்று பந்தயம். அன்றைய பந்தயக் கார்களில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் இன்ஜினைக் கவனிக்கும் மெக்கானிக். முதலாளியின் தம்பி ஷின்இச்சி ஓட்ட, பக்கத்தில் சொய்சிரோ அமர்ந்தார். 18 வயது நிறைந்து ஆறே நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஒட்டுக்கார் முதல் பரிசை அள்ளியது!

1928இல் ஹமாமட்சுவில் ஆர்ட் ஷோகாயின் கிளையைத் தானே நடத்த ஆரம்பித்தார். ஃபோர்டு இன்ஜினை வைத்து இன்னொரு பந்தயக் கார் உருவானது. 1936 ஜூன் 7 அன்று டோக்கியோ அருகே தமகாவா பந்தயத் திடலில் அதை ஓட்டினார். பக்கத்தில் அவருடைய சொந்தத் தம்பி பென்ஜிரோ. வேகமாகப் போகும்போது வேறொரு கார் குறுக்கே வர, மோதி, கார் உருண்டது. இருவரும் தூக்கி எறியப்பட்டனர். சொய்சிரோவுக்கு முகத்தில் காயம். தம்பிக்கோ முதுகெலும்பே முறிந்துபோனது. வேகத்துக்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானது அல்ல.

அடுத்து பிஸ்டன் ரிங் தயாரிக்கும் தொழிற்சாலை தொடங்கினார். போரும், 1945இல் வந்த மற்றொரு பூகம்பமும் அதை நாசமாக்கின. மிஞ்சியதை விற்றுவிட்டார்.

போர் முடிந்த ஜப்பானில் பஸ்ஸிலும் ரயிலிலும் தாங்க முடியாத நெரிசல். மக்கள் உணவு தேடி மைல் கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். 1946இல் ஹோண்டாவின் கண்ணில் ஒரு சின்ன இன்ஜின் பட்டது. ராணுவத்தின் ரேடியோ கருவிக்கு மின்சாரம் தயாரிக்கும் இன்ஜின் அது. அதை எடுத்துச் சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்க்? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கும் குடுவையே டேங்க் ஆனது! மனைவி சச்சியிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார். அவரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு ஊரைச் சுற்றிவந்தார். திரும்பி வந்தபோது உடையெல்லாம் எண்ணெய்! அந்தக் குறையைச் சரிசெய்த பிறகே வண்டி விற்பனைக்குப் போனது. ஏறக்குறைய 500 இன்ஜின்கள்தான் கிடைத்தன. அவை தீர்ந்ததும் சொந்தமாக இன்ஜின் செய்தார்.

1948இல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. 1963இல் அது கார் விற்கத் தொடங்கியது. 1965இல் மெக்சிகோவில் ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் வென்றது. 1973இல் தலைவர் பதவியிலிருந்து விலகிய ஹோண்டா, 1991 ஆகஸ்ட் 5 அன்று காலமானார்.

ஜப்பானில் மொட்டேகி என்ற ஊரில் ஹோண்டா கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. பளபளக்கும் பைக்குகளும் கார்களும் சேகரிக்கப்பட்டுள்ள அந்த இடத்தில், விமான இன்ஜினைச் சுமந்த அந்தப் பழைய ‘கர்டிஸ்’ காருக்கும் ஓர் இடம் உண்டு.