முதற் பராந்தக சோழனும் குடவோலையும்

சென்ற ஆடிப் பதினெட்டன்று நம் சங்கத்துக் குடும்பத்தார் சிலருடன் முக்கொம்பிற்குச் சென்றிருந்தோம். காவிரி அவ்விடத்தே இரண்டாய்ப் பிரிந்து, தென்கிளை தன் பழம்பெயரோடும் வடகிளை கொள்ளிடம் என்னும் பெயரோடும் திருவரங்கத் தீவைத் தழுவிச் செல்லுங் காட்சியைக் கண்டு, கொண்டுசென்ற சித்திரான்னங்களை உண்டு அமர்ந்திருந்தபோது, இவ்வாண்டு 18 வயது நிரம்பிய இளைஞனொருவன் தேர்தலைப்பற்றிப் பேசத் தொடங்கினான். நம்மவர் எவர் நிற்கின்றாரோ அவர்க்கே வாக்களிக்கப் போவதாகவும், அதற்குமேல் ஆராய வேண்டுவது யாதுமில்லை யென்றும் அவன் கூறினான். பெரியோர் சிலர் தலையசைத்து மகிழ்ந்தனர். யாமோ, அங்குக் கலகம் விளைத்தல் தகாதென்று கருதி வாளா இருந்துவிட்டோம். அவ்வாறு இருந்தது பிழையென்று பின்னர்ப் பலகால் நினைந்தோம். அப்பிழையை ஒருவாறு நீக்கவே, அந்நீரோடு தொடர்புடைய வேந்தனொருவன் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

விசயாலயன் பெயரனும் முதல் ஆதித்தன் மைந்தனுமாகிய முதற் பராந்தகன் கி. பி. 907-ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். காவிரியின் இருகரையிலும் சிவாலயங்கள் எடுப்பித்தவனென்று அன்பிற் செப்பேடுகள் புகழும் தந்தை விட்டுச்சென்ற நாட்டை, இவன் தென்குமரிவரை பெருக்கினான். ஆட்சித் தொடக்கத்திலேயே மதுரையைக் கைக்கொண்டான். பாண்டியன் இராசசிம்மன் ஈழத்துப் படையைத் துணைக்கொண்டு பொருதும் வெள்ளூரில் தோற்றுத் தன் முடியை ஈழத்தரசனிடம் விட்டுவிட்டுச் சேரநாடு புகுந்தான். அம்முடியைச் சூடி மதுரையில் அபிடேகஞ் செய்துகொள்ள வேண்டுமென்பது பராந்தகனது தீராத வேட்கை. தூது விடுத்தான், கிடைக்கவில்லை. படை விடுத்தான், அப்போதும் முடி கைக்கு எட்டவில்லை. பல்லாண்டு கழித்து இவன் வழிவந்த முதல் இராசேந்திரனே அதனைக் கொண்டுவந்தான்.

தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தவன் இவன். திருவரங்கக் கோயிலிலும் இவன் காலத்துக் கல்வெட்டு உண்டு. வீரநாராயணன் என்னும் இவனது விருதுப்பெயரைத் தாங்கியதே இன்று வீராணம் என வழங்கும் பேரேரி. முக்கொம்பிற் பிரியும் கொள்ளிட நீர் அணைக்கரையிலுள்ள கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியே அவ்வேரியைச் சேர்கின்றது.

ஆயினும், மதுரை கொண்டமையினும் பொன் வேய்ந்தமையினும், உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரிலுள்ள இரண்டு கல்வெட்டுக்களே இவன் பெயரை இன்று பலரும் எடுத்தோதக் காரணமாயின. முன்னது 919-ஆம் ஆண்டினது. பின்னது 921-ஆம் ஆண்டினது. அரசனது ஆணைப்படி அவன் அதிகாரி உடனிருக்க, ஊர்ச்சபையார் கூடித் தாமே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அவற்றுட் கூறப்படுகின்றது. முதல் ஏற்பாட்டை இரண்டே ஆண்டிற் பின்னும் திருத்தினார்கள் என்பது எமக்கு மிக்க வியப்பைத் தருவது.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். வாரியத்திற்குப் பெயர் எழுதப்பெறுவோன் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையனாதல் வேண்டும். தன் மனையில் வீடெடுத்து வாழ்வோனாதல் வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்கு உள்ளும் இருத்தல் வேண்டும். மறை கற்று, நல்வழியிற் பொருளீட்டி, ஒழுக்கமுடையனாதல் வேண்டும். கடந்த மூன்றாண்டில் வாரியஞ் செய்தோன் ஆகான். பிறர் பொருள் கவர்ந்தோனும் ஆகான். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதோன் தானும் ஆகான். அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் ஆகிய இவர்களும் ஆகார். நம் வீட்டுத் திருமணப் பத்திரிகையிற் பெயர் போடுவது போன்றே உறவினரை ஒருவர் விடாது எண்ணி விலக்கியிருக்கின்றனர்!

இவ்வாறு தேர்ந்த பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்புதோறும் கட்டிக் குடத்திலிடுவர். சபை நடுவே முதியோரொருவர் குடத்தைத் தூக்கிக் காட்ட, ஒன்றும் அறியாத சிறுவனொருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்குதல் வேண்டும்; மறைத்துவைத்த வேறோலையை மாற்றிவிடலாகாதன்றோ? பின்னர் அவன் உரக்கப் படிப்பான். இங்ஙனம் 12 பேர் ஆட்டை வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்ந்து 360 நாள் பணி செய்வர். இடையே குற்றம் வெளிப்பட்டோன் அப்போதே நீக்கப்படுவான்.

இஃது இக்காலத் தேர்தலேயென்று மேடைகளிற் கூறுவாருளர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. பெண்டிர்க்கும், நிலமற்றார்க்கும், மறை ஓதாதார்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. நம் முன்னோர் ஓலையும் அதில் விழுந்திராது. 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியது 1951–52 பொதுத்தேர்தலிலேதான். அவ்வயது 18 ஆகக் குறைந்தது 1989-இல். மேலும், அங்கே ஓலையெடுத்தவன் சிறுவன். எவ்வோலை கைக்கு வரினும் ஊருக்குத் தீங்கில்லாதவாறு, சலித்தெடுக்கும் வேலை முழுதும் குடத்திலிடுமுன்பே முடிந்திருந்தது. இன்று சட்டம் விலக்குவது சிலரையே. எஞ்சிய சலிப்பெல்லாம் வாக்காளன் பொறுப்பு. முக்கொம்பில் எம்மோடு பேசிய இளைஞன் சல்லடையையே எறிந்துவிட்டுச் சிறுவன் வேலையை மட்டும் செய்ய முன்வந்தான் என்றே எமக்குத் தோன்றியது. உறவு தகுதியாகாமைக்குமேல், கணக்குக் காட்டாதவனது உறவு தடையே ஆயிற்று அவ்வூரில்.

வேட்பாளர் தம் சொத்தையும் தம்மீதுள்ள குற்றவழக்குகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிடவேண்டுமென்பது 2003-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைபெற்றது. அப்பத்திரம் எவரும் படிக்கக் கிடைப்பது. அதனைப் படித்தவர் நம் சங்கத்தில் எத்துணைப் பேர்? கிராம சபையில் ஊராட்சிக் கணக்கு வைக்கப்படும்போது சென்று அமர்ந்து கேட்டவர் எத்துணைப் பேர்? 1836-இல் ஆர்தர் காட்டன் எடுப்பித்த முக்கொம்புக் கொள்ளிட அணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவு இடிந்து வீழ்ந்தன. மறுநாள் வேடிக்கை காணச் சென்ற கூட்டத்தில் யாமும் நின்றோம். அம்மதகுகளை ஆண்டுதோறும் பார்த்துவந்தவர் யார், அதற்குச் செலவான பொருள் எவ்வளவு என்று அதற்கு முன் ஒருநாளும் யாம் கேட்டதில்லை. பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பெற்றது. அதனைப் பற்றியேனும் இளைஞர் கேட்டு வருவாராக.

பராந்தகனது முதுமை துன்பத்திற் கழிந்தது. 949-ஆம் ஆண்டில் தக்கோலத்தில் இரட்டமன்னன் மூன்றாம் கிருட்டிணன் படையோடு பொருத மூத்த மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்துறந்தான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. 955-ஆம் ஆண்டளவில் பராந்தகனும் மறைந்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கன்னரதேவன் என்று அந்தப் பகையரசன் பெயரால் ஆண்டு குறிக்கலாயின. சபை மட்டும் முன்போலவே கூடித் தன் காரியங்களைக் கல்லிலெழுதி வந்தது.