டாரதி ஸேயர்ஸ் அம்மையாரும் அவர்தம் தோழியரும்

பெண்மணிகள் இருவர் மூவர் ஒன்றுகூடி, போலீஸாரும் கைவிட்ட கொலை வழக்கொன்றைத் தம் நுண்ணறிவால் துலக்கும் கதைகள் இக்காலத்தே மேனாட்டில் மிகப் பெருகியுள்ளன. அவற்றுட் பல, இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் களமாகக் கொண்ட சரித்திர நாவல்கள். 2025-ஆம் ஆண்டில் மேரி பெனடிக்ட் என்னும் அமெரிக்க ஆசிரியை வெளியிட்ட ஒன்றில், டாரதி ஸேயர்ஸ், அகதா கிறிஸ்டி முதலிய எழுத்தாளரே துப்பறிவோராய் உலவுகின்றனர். கதைப் பாத்திரமாகிய டாரதியினும், மெய்யாக வாழ்ந்த டாரதி அம்மையாரின் சரிதமே சுவை மிகுந்தது என்பது நம் கருத்து. தோழமையும், மறை பொருளும், உண்மையை நாடும் வேட்கையும் அச்சரிதத்துள் பின்னிக் கிடத்தலின், அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஸேயர்ஸ் ஒரு பாதிரியார். அந்நகர்ப் பேராலயத்துப் பாடகச் சிறுவர் பள்ளிக்குத் தலைமையாசிரியராயிருந்தவர். சில ஆண்டுகளில் குடும்பம் பிளண்டிஷம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. உடன் பிறந்தார் ஒருவருமின்றித் தனித்து வளர்ந்த அப்பெண் குழந்தைக்கு, ஏழு வயது நிரம்புமுன்னரே தந்தையார் இலத்தீன் கற்பிக்கத் தொடங்கினார். விடுமுறை நாட்களில் வந்து தங்கும் தாய்வழிச் சகோதரி ஐவி ஷ்ரிம்ப்டனே அவருக்கு முதல் தோழி. ஐவி ஏறக்குறைய எட்டு வயது மூத்தவர். இவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

1912-ஆம் ஆண்டில் உபகாரச் சம்பளம் பெற்று, ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையைச் சார்ந்த ஸோமர்வில் மகளிர் கலாசாலையில் சேர்ந்தார். சேர்ந்த அவ்வாண்டிலேயே, எழுத்தில் ஆர்வமுடைய மாணவியர் சிலரைத் திரட்டி ஒரு சங்கம் கண்டார். ஒவ்வொருவரும் தாம் எழுதியதைப் படிப்பது, மற்றையோர் அதனை ஆராய்ந்து குறை நிறை கூறுவது என்பதே சங்கத்தின் நியமம். பெயர் வைப்பதில் தான் அம்மையாரின் குறும்பு விளங்குகின்றது. நாம் என்ன பெயரிட்டாலும், ஏனைய மாணவியர் நம்மை ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் கூட்டம் என்றே ஏளனம் செய்வர். ஆதலின் நாமே அப்பெயரைச் சூட்டிக்கொள்வோம் என்று கூறி, பரஸ்பரப் புகழ்ச்சிச் சங்கம் என்று பெயரிட்டுவிட்டார்!

பெயர் விளையாட்டாயினும் சங்கம் விளையாட்டாய் முடியவில்லை. அதன் அங்கத்தினருள் மியூரியல் ஜேகர் நாவலாசிரியையானார். கேரிஸ் பிராங்கன்பர்க் 1926-ஆம் ஆண்டில் ஸால்போர்டு நகரில் ஏழைத் தாய்மாருக்கென ஆலோசனை நிலையம் அமைப்பதில் முன்னின்றார். டாரதி ரோ ஒரு நாடக சபையைத் தோற்றுவித்தார். மியூரியல் ஸெயின்ட் கிளேர் பர்ன் ட்யூடர் மன்னர் காலச் சரித்திரத்தில் பெரும் புலமை எய்தினார். கலாசாலைத் தோழமை பட்டமளிப்பு விழாவோடு கலைந்து போவதே பெரும்பான்மை. இவர்களோ ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்தும் வழக்கத்தை வாழ்நாளெல்லாம் கைவிட்டிலர்.

பட்டமளிப்பு விழா என்றோம். டாரதி 1915-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் முதல் வகுப்பில் தேறியும் பட்டம் பெற்றாரில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்குவது அன்று அங்கே வழக்கமில்லை. தேர்வெழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் இல்லை என்ற அந்த விசித்திர நியாயம் 1920-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒழிந்தபோது, முதன்முதற் பட்டம் பெற்ற மகளிருள் அவரும் ஒருவராய் நின்றார். இடையே பள்ளியாசிரியை, பதிப்பகத்து உதவியாளர் எனப் பல வேலைகள் பார்த்து, 1922-ஆம் ஆண்டில் இலண்டனில் பென்ஸன் விளம்பர நிலையத்தில் அமர்ந்தார். கடுகு விற்பதற்கென ஒரு பொய்ச் சங்கத்தைக் கற்பித்து நாடெங்கும் நகைக்கச் செய்த விளம்பரத்தில் இவர் கை பெரிது. 1923-ஆம் ஆண்டில், பீட்டர் விம்ஸி பிரபுவைத் துப்பறிவோனாகக் கொண்ட முதல் நாவல் வெளிவந்தது. எழுதி முடிக்கும்வரை விடாது நெருக்கியவர் மியூரியல் ஜேகர். நூல் அவருக்கே உரிமையாக்கப்பட்டது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது, அவர் வாழ்நாளில் உலகம் அறியாதது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, கடற்கரை ஊராகிய ஸௌத்போர்னில் அவருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தை மோட்டார் வண்டி வியாபாரத்தில் ஈடுபட்டவன், முன்னரே மணமானவன். அக்காலத்து இங்கிலாந்தில் இத்தகைய செய்தி வெளிப்படின் பெண்ணுக்கு உத்தியோகமும் இல்லை, வீடும் இல்லை. பாதிரியாராகிய தந்தைக்கும் தாய்க்கும் அவர் சொல்லவில்லை. நிலையத்தாரிடம் உடல் நலமின்மை காரணமென்று சில வாரம் விடுப்புப் பெற்றிருந்தார். ஐவியும் அவர் தாயாரும் ஆக்ஸ்போர்டை அடுத்து, பிறர் குழந்தைகளை வளர்க்கும் தொழில் நடத்தி வந்தனர். டாரதி முதலில் வேறொருத்தியின் குழந்தையைப் பற்றிக் கேட்பதுபோல ஐவிக்குக் கடிதம் எழுதினார். ஐவி இசைந்த பின்னரே, அவ்வேறொருத்தி தாமே என்பதைத் தெரிவித்தார்.

ஐவி குழந்தையை ஏற்றார், வாயைத் திறந்தாரில்லை. இருபத்தேழு ஆண்டுகள், 1951-ஆம் ஆண்டில் தாம் இறக்கும்வரை, அம்மறையைக் காத்தார். நாவல்களில் எத்தனையோ சாதுரியமான மறைப்புகளைக் கற்பித்த அம்மையார், தம் வாழ்வின் பெரிய மறைப்பைச் சாதுரியத்தை நம்பி விடவில்லை. ஒரு பெண்ணின் சொல்லுறுதியை நம்பி விட்டார். அவர் பெற்றோர் இருவரும் பேரன் ஒருவன் உண்டென்பதை அறியாமலே 1928, 1929-ஆம் ஆண்டுகளில் காலமாயினர்.

இதனை மனத்திற்கொண்டு பின்னெழுந்த நாவல்களைப் படிப்போமாயின் புதிய பொருள் தோன்றும். 1927-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்னாச்சுரல் டெத்' என்னும் நாவலில் கிளிம்ப்ஸன் என்னும் முதுகன்னி தோன்றுகின்றார். யுத்தத்தில் ஆடவர் மாண்டமையால், 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பிரிட்டனில் ஆடவரினும் பெண்டிர் 17 லட்சத்துக்கு மேல் மிகுந்திருந்தனர். மணமாகாத இப்பெண்டிரைப் பத்திரிகைகள் மிகைப் பெண்கள் என்று இழித்துப் பேசின. ஊரார் வேண்டாப் பொருளென ஒதுக்கிய அத்தகையாரையே அம்மையார் துப்பறிவோராக்கினார். போலீஸ்காரன் நுழையக் கூடாத சமையற்கட்டிலும் தேநீர்க் கூட்டத்திலும் ஒரு கிழவி தையலும் கையுமாய் உட்கார்ந்து கேட்கும் கேள்வியை யார் சந்தேகிப்பர்?

அந்நாவலில் வழக்கு, 1926-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமுலுக்கு வந்த வாரிசுரிமைச் சட்ட மாற்றத்தைப் பற்றியது. ஆயின் நம்மைக் கவர்வது சட்டமன்று. பெண்டிரின் நட்பு மூன்று விதமாய் அதிற் காணப்படுகின்றது: குதிரை வளர்த்தும் இல்லம் பேணியும் ஒருவர்க்கொருவர் துணையாய் முதுமை எய்திய இருவரின் நட்பு, தன்னினும் வலியாளொருத்தியைத் தெய்வமெனப் பற்றி அழியும் பேதையின் நட்பு, இவ்விரண்டையும் வெளியே நின்று சீர்தூக்கும் கிளிம்ப்ஸன் அம்மாளின் கண். ஒருத்தி பாவ அறிக்கைக்கென எழுதி வைத்த குறிப்புத் தாள் ஆலயத்திற் கிடக்கக் கண்டு, அதனைப் படித்தல் தகுமோ என்று அவ்வம்மாள் மனச்சாட்சியோடு போராடும் இடம், துப்பறியும் நூல்களில் நாம் படித்தவற்றுள் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று.

1930-ஆம் ஆண்டின் 'ஸ்ட்ராங் பாய்ஸன்' இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. ஹாரியட் வேன் என்னும் நாவலாசிரியை, தன்னோடு வாழ்ந்திருந்தவனைப் பாஷாணம் வைத்துக் கொன்றதாகக் கூண்டில் நிற்கின்றாள். ஜூரிகள் ஒருமனப்படாமைக்கு முதற் காரணம், அவருள் ஒருவராய் அமர்ந்திருந்த கிளிம்ப்ஸன் அம்மாளின் பிடிவாதம். பின்னர் அவரே வெளியூர் சென்று, ஆவிகளோடு பேசுவதாக நடித்து ஒரு மரண சாஸனத்தைக் கண்டுபிடிக்கின்றார். மர்ச்சிஸன் என்னும் மற்றொரு பெண், பழைய திருடனொருவனிடம் பூட்டுத் திறக்கும் வித்தை பயின்று, வக்கீல் அலுவலகத்தில் வேலைக்கு அமர்கின்றாள். குற்றவாளியின் தோழியர் இருவரோ ஒரு கணமும் ஐயுறவில்லை. விம்ஸி பிரபு புகழைக் கொண்டுபோகின்றார். பாரம் சுமப்பவர் பெண்டிரே. எல்லா நாவல்களும் இத்தரத்தன என்று சொல்ல மாட்டோம். 1931-ஆம் ஆண்டில் வந்த ஒன்று, ரயில் வண்டி அட்டவணையை மனப்பாடம் செய்பவர்க்கன்றிப் பிறர்க்குச் சுவைப்பது அரிது.

கற்பனையோடு அமையாது மெய் வழக்குகளிலும் அவர் மனம் சென்றது. 1931-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் ஜூலியா வாலஸ் கொலையுண்ட வழக்கில், கணவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல் வழக்கு மன்றத்தில் அது தள்ளப்பட்டது. அவ்வழக்கின் சான்றுகளை ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்து அவர் வரைந்த நீண்ட கட்டுரை, 1936-ஆம் ஆண்டில் ஒரு தொகுதியில் வெளிவந்தது. துப்பறியும் ஆசிரியர் கழகம் 1930-ஆம் ஆண்டில் அமைந்தபோது முதல் அங்கத்தினருள் அவர் ஒருவர். 1949-ஆம் ஆண்டு முதல் அதன் தலைவர்.

கலாசாலை வாசகர்க்கு மிக நெருங்கிய நூல் 1935-ஆம் ஆண்டில் வந்த 'காடி நைட்'. காடி என்பது ஆக்ஸ்போர்டில் பழைய மாணவர் கூடும் விழா. முந்திய ஆண்டில் ஸோமர்வில் விழாவுக்குச் சென்று பேசிவந்த அம்மையாருக்கு, நாவலின் களம் அங்கேயே அகப்பட்டது. கதையில் வரும் ஷ்ரூஸ்பரி மகளிர் கலாசாலை கற்பிதமே. அதனைப் பேலியல் கலாசாலையின் கிரிக்கெட் மைதானத்தின்மீது எழுப்பிவிட்டதற்காக முன்னுரையில் மன்னிப்பும் வேண்டிக்கொண்டார்.

அக்கலாசாலையில் மொட்டைக் கடிதங்கள் உலவுகின்றன, அங்கிகள் எரிக்கப்படுகின்றன, பேராசிரியை ஒருவர் பல்லாண்டு உழைத்த நூலின் அச்சுப் படிகள் சிதைக்கப்படுகின்றன, மாணவி ஒருத்தி உயிரைவிடத் துணிகின்றாள். போலீஸாரை அழைத்தால் பெண் கல்வியே வேண்டாமென்பார்க்குப் பெருவிருந்தாகும். ஆதலின் பழைய மாணவியாகிய ஹாரியட்டைத் துணைக்கு அழைக்கின்றனர். அவளுக்கோ, தான் போற்றிய ஆசிரியையர் ஒவ்வொருவரையும் ஐயுற வேண்டிய நிலை. ஒரே மேசையில் உண்போர் ஒருவரையொருவர் கள்ளப் பார்வை பார்க்கின்றனர். இந்நாவலில் கொலையே இல்லை. நம்பிக்கை சாவதே கொலையினும் கொடிதாய்க் காட்டப்படுகின்றது. குற்றத்தின் வேர், ஒரு புலவன் தன் கொள்கைக்கு மாறான சான்றொன்றை மறைத்ததும், ஒரு பெண் அறிஞர் அதனை வெளிப்படுத்தியதும் ஆகும். உண்மைக்காக ஒரு குடும்பம் அழியலாமோ, குடும்பத்துக்காக உண்மை அழியலாமோ என்று ஆசிரியையர் இராப்பொழுதில் விவாதிக்கின்றனர். குற்றவாளியின் பெயரை நாம் கூறப்போவதில்லை. புத்தகசாலையில் அதனை எடுக்கவிருக்கும் மாணவர் சாபத்துக்கு ஆளாக விரும்பவில்லை.

அவ்விவாதத்தை எழுதிய கை, ஐவிக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய கையே. 1926-ஆம் ஆண்டில் அம்மையார் பிளெமிங் என்னும் பத்திரிகையாளரை மணந்தார். மகன் தங்களோடு வந்து வாழக்கூடுமென்ற எண்ணம் ஈடேறவில்லை. நாவல் வெளிவந்த அவ்வாண்டிலே தான், தம்பதிகள் அவனைத் தத்தெடுத்ததாகச் சொல்லி, பிளெமிங் என்ற பெயரை அவனுக்கு வழங்கினர். நன்கு படித்துப் பேலியல் கலாசாலையில் உயர்ந்த வகுப்பில் தேறிய அவ்விளைஞர், தம் தாய் யார் என்பதைப் பிறப்புப் பதிவால் அறிந்தார். அன்னை வாயால் உலகறியக் கேட்டாரில்லை. தோழமை அன்னையைக் காத்தது மெய். ஆயின் அதன் விலையிற் பெரும்பகுதியை மகனே செலுத்தினார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. உலகுக்கு அச்செய்தி 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சரிதத்தாலேயே தெரிந்தது.

பழைய சங்கத்துத் தோழி பர்ன் அம்மையாரோடு சேர்ந்து எழுதிய நாடகம் 1936-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலண்டனில் அரங்கேறியது. விம்ஸி பிரபுவுக்கும் ஹாரியட்டுக்கும் அதில் மணமாகிவிட்டது. மறு ஆண்டில் அதனை நாவலாகவும் ஆக்கிய பின்னர், அம்மையார் துப்பறியும் நாவல் எதனையும் முடித்து வெளியிடவில்லை. 1944-ஆம் ஆண்டில், குண்டு வீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடம் செல்கையில் கைக்கு அகப்பட்டது இத்தாலியக் கவி தாந்தேயின் காவியம். ஐம்பது வயது கடந்தபின் அம்மொழியில் உழைத்து அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கலானார். முதற் பாகம் 1949-இலும் இரண்டாம் பாகம் 1955-இலும் வெளிவந்தன. மூன்றாம் பாகத்தின் 33 காண்டங்களில் 20 முடிந்திருந்த நிலையில், 1957-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சாமான் வாங்கித் திரும்பிய அவர், விதம் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் திடீரென உயிர் நீத்தார். எஞ்சிய 13 காண்டங்களை, கேம்பிரிட்ஜில் இத்தாலியம் கற்பித்து வந்தவரும், 1946-ஆம் ஆண்டில் அவர் நிகழ்த்திய தாந்தே விரிவுரையைக் கேட்டு நட்பாயினவருமாகிய பார்பரா ரெயினால்ட்ஸ் என்னும் தோழி மொழிபெயர்த்து முடித்தார். நூல் 1962-ஆம் ஆண்டில் இருவர் பெயரோடும் வெளிவந்தது.