எட்டுப் பங்கு வித்தியாசம்



ஒரு பெரிய கணக்கைப் பக்கம் பக்கமாகப் போட்டு முடிக்கிறீர்கள். கடைசியில் விடை மிக மிகக் கொஞ்சம் தப்பாக வருகிறது. என்ன செய்வீர்கள்? கிட்டத்தட்டச் சரிதானே என்று நோட்டை மூடிவிடத் தோன்றும், இல்லையா? அப்படி மூடி வைக்க மனம் வராத ஒருவரால்தான் பூமியும் செவ்வாயும் வியாழனும் எந்தப் பாதையில் சூரியனைச் சுற்றுகின்றன என்பது உலகுக்குத் தெரிந்தது. அவர் பெயர் ஜோகன்னஸ் கெப்ளர்.

இன்றைய ஜெர்மனியில் உள்ள வைல் டெர் ஸ்டாட் என்ற சிற்றூரில் 1571 டிசம்பர் 27 அன்று கெப்ளர் பிறந்தார். குறைமாதக் குழந்தை, நோஞ்சான். அப்பா கூலிக்குப் போர் புரியும் சிப்பாய். அடிக்கடி வீட்டை விட்டுப் போவார். ஒருமுறை போனவர் திரும்பி வரவே இல்லை. அம்மா காத்தரீனாவுக்கு மூலிகை வைத்தியம் தெரியும்.

சின்ன வயதிலேயே கெப்ளரைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தார். ஆனால் கண்பார்வை மங்கிப்போனது. நிலாவைப் பார்த்தால் ஒன்றுக்குப் பல நிலாக்கள் தெரியுமாம்! இப்படிப்பட்டவர் வான ஆராய்ச்சிக்கு வருவார் என்று யாராவது நினைத்திருப்பார்களா?

1577ஆம் ஆண்டு வானத்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. கெப்ளருக்கு ஆறு வயது நிரம்பப் போகும் சமயம். அம்மா அவரை ஒரு மேட்டுக்கு அழைத்துப் போய் அதைக் காட்டினார். அந்தக் காட்சியைக் கெப்ளர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

உதவித்தொகையில் படித்து, டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மேஸ்ட்லின் என்ற ஆசிரியர், சூரியனைத்தான் பூமி சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் அதை நம்பவில்லை. கெப்ளருக்கோ அது மனதில் பதிந்துவிட்டது.

1594இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கணக்கு வாத்தியார் ஆனார். முதல் வருடம் வகுப்பில் சில மாணவர்களே இருந்தார்கள். இரண்டாம் வருடம் ஒருவர்கூட வரவில்லை! 1600இல் மத வேற்றுமை காரணமாக அந்த ஊரை விட்டே வெளியேற்றப்பட்டார்.

உலோக மூக்குக்காரர்

அப்போது பிராக் நகரில் டைகோ பிராகே என்ற டென்மார்க் நாட்டு வானியலாளர் இருந்தார். இளமையில் ஒரு வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, உலோக மூக்கு பொருத்திக்கொண்டவர் அவர். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பெரிய பெரிய கருவிகளை வைத்து, வெறும் கண்ணால் பார்த்தே கோள்களின் இடத்தை இருபது வருடங்களுக்கும் மேலாகக் குறித்து வைத்திருந்தார். அவ்வளவு துல்லியமான குறிப்புகள் வேறு யாரிடமும் இல்லை.

டைகோவிடம் நல்ல கண் இருந்தது. கெப்ளரிடம் நல்ல கணக்கு இருந்தது. 1600இல் இருவரும் சேர்ந்தார்கள். எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்த செவ்வாய்க் கோளைக் கெப்ளரிடம் ஒப்படைத்தார் டைகோ. எட்டே நாளில் முடித்துவிடலாம் என்று கெப்ளர் நினைத்தார். பிடித்ததோ சுமார் ஐந்து ஆண்டுகள்! நடுவில், 1601இல் டைகோ இறந்துபோனார். அவருடைய குறிப்புகளும் அரசவைக் கணித அறிஞர் பதவியும் கெப்ளருக்கு வந்தன.

கோள்கள் வட்டப் பாதையில்தான் செல்லும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் நம்பி வந்தார்கள். கெப்ளரும் அப்படித்தான் தொடங்கினார். கால்குலேட்டர் கிடையாது, எல்லாம் கையால் போட்ட கணக்கு. ஒரே கணக்கை எழுபது தடவை திரும்பத் திரும்பப் போட்டு ஒரு வட்டப் பாதையை உருவாக்கினார். டைகோவின் குறிப்புகளுடன் ஒப்பிட்டார். ஏறக்குறைய பொருந்தியது. சில இடங்களில் மட்டும் கொஞ்சம் இடித்தது.

எவ்வளவு கொஞ்சம் தெரியுமா? உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பாகை எவ்வளவு சின்னதாக இருக்கிறது! அந்த ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்தால், அதில் வெறும் 8 பங்கு. முழு நிலா வானத்தில் அடைத்துக்கொள்ளும் அகலத்தில் ஏறத்தாழ கால் பாகம்தான் அது.

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் டைகோ அந்த அளவுக்குத் தவறு செய்யக்கூடியவர் அல்ல என்பது கெப்ளருக்குத் தெரியும். அப்படியானால் தவறு தன் வட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதுவரை போட்ட வட்டக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினார். முட்டை வடிவத்தைக்கூடப் போட்டுப் பார்த்தார். கடைசியில் 1605இல் விடை கிடைத்தது. பாதை வட்டம் அல்ல, நீள்வட்டம்!

நீங்களே வரையலாம்

ஓர் அட்டையில் இரண்டு குண்டூசிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிக் குத்துங்கள். நூலின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கி, இரண்டு ஊசிகளையும் சுற்றித் தளர்வாகப் போடுங்கள். பென்சில் முனையால் நூலை இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று வாருங்கள். அழகான நீள்வட்டம் வந்துவிடும். ஓர் ஊசி இருக்கும் இடத்தில் சூரியன். பென்சில் போகும் வழியில் கோள். இன்னோர் ஊசி இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை! இதுதான் கெப்ளரின் முதல் விதி.

சூரியனுக்கு அருகில் வரும்போது கோள் வேகமாக ஓடும். தள்ளிப் போகும்போது மெதுவாகும். இது இரண்டாவது விதி சொல்லும் செய்தி. நம் பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்திலும், ஜூலை தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கிறது. அதனால் ஜனவரியில் பூமியின் ஓட்டம் சற்று வேகம். (கிட்ட இருந்தும் ஜனவரியில் நமக்கு ஏன் குளிர்? பருவங்களுக்குக் காரணம் தூரம் அல்ல, பூமி தன் அச்சில் சாய்ந்திருப்பதுதான்.)

இந்த இரண்டு விதிகளும் 1609இல் புத்தகமாக வெளிவந்தன. மூன்றாவது விதி 1619இல் வந்தது. ஒரு கோள் சூரியனிலிருந்து பூமியைப் போல 4 மடங்கு தூரத்தில் இருந்தால், ஒரு சுற்று சுற்ற அதற்கு எத்தனை வருடம் ஆகும்? 4 என்று அவசரப்படாதீர்கள். 4 x 4 x 4 = 64. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 64 வரும்? 8. ஆகவே 8 வருடம்! வியாழனுக்கும் சனிக்கும் இதே கணக்குத்தான்.

கண் மங்கிய கெப்ளர், நாம் பார்க்கும் காட்சி கண்ணுக்குள் எப்படித் தலைகீழாக விழுகிறது என்பதையும் 1604இல் விளக்கினார்.

அம்மாவைக் காப்பாற்றிய மகன்

இவ்வளவு புகழ் வந்தும் கெப்ளருக்கு நிம்மதி இல்லை. 1611இல் ஆறு வயது மகனையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்தார். பிறகு இன்னொரு இடி. மேட்டுக்கு அழைத்துப் போய் வால்நட்சத்திரம் காட்டிய அம்மாவைச் சூனியக்காரி என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய அவரை 1620இல் சங்கிலியால் பிணைத்துச் சிறையில் அடைத்தார்கள். குற்றம் உறுதியானால் மரண தண்டனை.

கெப்ளர் தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். சாட்சிகள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, செவ்வாயின் பாதையை ஆராய்ந்த அதே பொறுமையோடு ஆராய்ந்தார். எது எதனுடன் பொருந்தவில்லை என்று எழுதிக் காட்டினார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியபோதும் அந்த மூதாட்டி செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 14 மாதச் சிறைக்குப் பிறகு 1621இல் விடுதலை ஆனார். ஆனால் மறு வருடமே இறந்துபோனார்.

கெப்ளர் மறுபடியும் கணக்குக்குத் திரும்பினார். கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று சொல்லும் அட்டவணைகளை 1627இல் வெளியிட்டார். 1631 நவம்பர் 7 அன்று புதன் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போகும் என்றும் முன்கூட்டியே அறிவித்தார்.

அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு ரேகன்ஸ்பர்க் நகருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, 1630 நவம்பர் 15 அன்று இறந்தார். பிறகு நடந்த போரில் அவரது கல்லறையும் அழிந்துபோனது.

மறு வருடம் பாரிஸ் நகரில் கசெண்டி என்பவர் காத்திருந்தார். கெப்ளர் குறித்த அதே நாளில், சூரியனின் மேல் ஒரு சிறு கரும்புள்ளி மெல்ல நகர்ந்தது. புதன்!

2009இல் விண்ணுக்குப் போன ஒரு தொலைநோக்கிக்குக் கெப்ளர் என்றே பெயர் வைத்தார்கள். 2018இல் ஓய்வு பெறுவதற்குள் அது வேறு விண்மீன்களைச் சுற்றும் 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடிக்க உதவியது. நிலா ஒன்றா பலவா என்று கண் தடுமாறியவரின் பெயரில் இத்தனை பெரிய கண்!

குழந்தைகளே, அட்டையும் குண்டூசியும் நூலும் எடுத்துவிட்டீர்களா? ஊசிகளை நெருக்கிக் குத்தி ஒரு முறையும், தள்ளிக் குத்தி ஒரு முறையும் வரைந்து பாருங்கள். எப்போது அது வட்டம் போல ஆகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.