மூதறிஞரும் காசநோய் ஊசியும்

தமிழகம் நாட்டுக்கு அளித்த தலைவர்களுள் மூதறிஞர் என்றாலே நினைவுக்கு வருபவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அன்னாரது வாழ்வைப் பற்றி இம்மலரில் எழுதப் புகும் நான், எல்லோரும் அறிந்தவற்றை விரைந்து கடந்து, பலரும் எழுதாமல் விடும் ஒரு பகுதியில் சற்று நிற்க விரும்புகிறேன். 2021இல் கொரோனா ஊசி முகாம் எங்கள் முத்தையாபுரத்துக்கு வந்தபோது தெருவில் எழுந்த பேச்சுதான் இதைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

1878 டிசம்பர் 10ஆம் நாள் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார் இராஜாஜி. சட்டம் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகப் பெயரும் பொருளும் ஈட்டினார். அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டதும் அத்தொழிலைத் துறந்தார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதரையும் மதுவிலக்கையும் பரப்பினார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். உப்பளங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அவர் பெயர் முதலில் அறிமுகமானது அந்த உப்பாலேதான். 1937இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948இல் கவர்னர் ஜெனரல், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சர் எனப் பதவிகள் அவரைத் தேடி வந்தன. கட்டாய இந்தியும் புதிய கல்வித் திட்டமும் அவருக்கு ஈட்டித் தந்த எதிர்ப்பை இக்கல்லூரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அறிவியல் அறியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சேலத்தில் 1916இலேயே சங்கம் கண்டவர் அவர். திண்ணையில் அமர்ந்து பேசுவது போல் வேதியியலை விளக்கும் ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலை எழுதியவரும் அவரே. நம் வேதியியல் துறை நண்பர்கள் அதைப் படித்திருக்கிறார்களோ என்னவோ! அத்தகையவர்தாம் 1955இல் காசநோய்த் தடுப்பூசிக்கு எதிராகக் கொடி பிடித்தார்.

எலும்புருக்கி நோய் என்று நம் பாட்டிமார் அஞ்சிய நோய் அது. நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தனை 1948 ஜூன் 30 அன்று, நாற்பத்திரண்டே வயதில், கொண்டு போனது அந்நோய்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் மதனப்பள்ளியில் பி.சி.ஜி. ஊசி போடத் தொடங்கினார்கள். சென்னை கிண்டியில் அம்மருந்தைத் தயாரிக்கும் கூடமும் அவ்வாண்டே எழுந்தது. கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் நோய் தரும் ஆற்றலை ஒடுக்கினர். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது தரப்பட்டது. நம் நாட்டில் முதலில் தோலில் ஒரு சோதனை செய்து, கிருமி இன்னும் தீண்டாதவர்க்கு மட்டுமே ஊசி போட்டனர். 1951 முதல் இது பெரும் இயக்கமாக வளர்ந்தது.

பதவியை விட்ட மறு ஆண்டு இராஜாஜி தம் எதிர்ப்பைத் தொடங்கினார். சிறு நூல் ஒன்றும் வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமாயிருக்கும் குழந்தையின் உடலில் செலுத்துவது ஆபத்து. இதன் பயன் ஐயமறத் தெளிவாகவில்லை. கோடிக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் சோதனைப் பொருளாகிறார்கள். இவையே அவர் வாதத்தின் சாரம். ஊசியை ஏற்காத வெளிநாட்டு மருத்துவர்களின் கருத்துகளையே பொறுக்கி எடுத்து அடுக்கினார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் ஊசியின் பக்கம் நின்றார். ஆயினும் முன்னாள் கவர்னர் ஜெனரல் சொல்லிவிட்ட பின் சாதாரணப் பெற்றோர் எதை நம்புவார்கள்? சென்னை மாநிலத்தில் இயக்கம் தடுமாறியது.

அவர் பொய்யுரைத்தார் என்று நான் சொல்லவில்லை. இதில் அவருக்குக் காசோ பதவியோ கிட்டவில்லை. சம்பந்தி காந்தியடிகளே அம்மை குத்துவதை வெறுத்தவர். அந்த இயற்கை வைத்தியப் பற்று இவரிடமும் இருந்திருக்கலாம். அரசு கைநீட்டினால் ஐயுறும் குணம் இவருக்கு உடன்பிறந்தது. 1959இல் சுதந்திராக் கட்சி தோன்றியதும் அக்குணத்தால்தானே! பெற்றோரின் இசைவு வேண்டும் என்பதும் சான்று கேட்பதும் நியாயமே. ஆனால் ஆபத்து என்ற சொல்லை அவர் கையாண்ட விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இவ்வூசியை எதிர்த்தவர்கள் வழக்கமாகச் சுட்டியது ஜெர்மனியின் லூபெக் நகரத்து நிகழ்ச்சி. 1930இல் அங்கு 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர், உண்மை. ஆனால் அங்கே கொன்றது பி.சி.ஜி. அன்று, ஆய்வுக்கூடத்தில் அதனோடு கலந்துவிட்ட வீரியமுள்ள காசநோய்க் கிருமி. 1955க்கு வெகு முன்னரே இது தெளிவாகிவிட்ட செய்தி. மருந்தில் பிழையா, தயாரித்த கையில் பிழையா என்று பிரித்துச் சொல்லும் வல்லமை ஒரு வழக்கறிஞருக்கு இல்லாமலா போகும்?

பயன் பற்றிய அவரது ஐயத்தின் கதை வேறு. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே மாபெரும் ஆய்வொன்று தொடங்கிற்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று 1979இல் அதன் முடிவு கூறியது, உலகமே திகைத்தது. ஆனால் பச்சிளங்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயையும் உடலெங்கும் பரவும் கொடிய காசநோயையும் இது பெரிதும் தடுக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் நிலைநாட்டின. கடுமையான தீங்கு வருவது மிக அரிது. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்கே பெரும்பாலும் அது நேர்கிறது. ஆகவே 1978இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வூசி இடம்பெற்றது. நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் இடக்கையில் இன்றும் போடுகிறார்கள்.

செங்கற்பட்டு ஆய்வின் முடிவை மூதறிஞர் காணவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று, 94ஆம் வயதில், சென்னையில் காலமானார். இருந்திருந்தால் அம்முடிவின் ஒரு பாதியை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டு, மறு பாதியோடு வழக்காடியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.