சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (அக்டோபர் 19, 1910 – ஆகஸ்டு 21, 1995) தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலாளர் ஆவார். விண்மீன்களின் கட்டமைப்பு குறித்த ஆய்வுகளுக்காக 1983 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்து கொண்டார். வெண்குறுமீன்களின் நிறைக்கு இவர் கண்ட எல்லை பரவலாக அறியப்பட்டது. பேரடைக் கொத்துகளின் உள்ளமைப்பை அறிய இவரது வேறொரு ஆய்வும் உதவியது.

வாழ்க்கை

இலாகூரில் பிறந்தார். சர். சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930 இல் கேம்பிரிட்ச் சென்றார். சனவரி 11, 1935 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், இவரது எல்லைக் கோட்பாட்டை ஆர்தர் எடிங்டன் வெளிப்படையாக மறுத்தார். 1937 முதல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எர்க்கீசு வானாய்வகத்தில் பணியாற்றினார். 1939 இல் விண்மீன் கட்டமைப்பு பற்றிய நூலை வெளியிட்டபின், விண்மீன்களின் இயக்கவியலுக்குத் திரும்பினார்.

இயக்க உராய்வு

விண்மீன் கூட்டத்தினூடே நகரும் ஒரு பொருள் அருகிலுள்ள விண்மீன்களைத் தன்பால் ஈர்க்கிறது. அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே சென்றுவிடுவதால், அதன் பின்புறம் அடர்த்தி மிகுகிறது. அவ்வடர்த்தி அப்பொருளைப் பின்னோக்கி இழுக்கிறது. மோதல் ஏதுமின்றி ஈர்ப்பால் மட்டுமே நேரும் இத்தடையைச் சந்திரசேகர் 1943 இல் கணித்து, இயக்க உராய்வு எனப் பெயரிட்டார். பொருளின் நிறை இரட்டித்தால் வேகக் குறைவும் இரட்டிக்கும்.

கார்த்திகை போன்ற விண்மீன் கொத்துகள் விரைவில் சிதறாதது ஏன் என்பதே அப்போது அவர்முன் இருந்த வினா. பின்னர் இதே சமன்பாடு பேரடைகளுக்கும் பயன்பட்டது. கொத்தொன்றில் நிறைமிக்க பேரடைகள் வேகமிழந்து மையத்தை நோக்கி அமிழ்கின்றன. மையத்திலுள்ள பெரும்பேரடை அவற்றை விழுங்கி வளர்வதை 1975 இல் ஆசுட்ரைக்கரும் திரெமெயினும் இவ்வகையில் விளக்கினர். விண்மீன்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியுள்ளதாகக் கொண்டே சந்திரசேகர் கணக்கிட்டார். உண்மையான கொத்து அத்தகையதன்று. எனினும் முதல் மதிப்பீட்டுக்கு இன்றும் இச்சமன்பாடே எடுத்தாளப்படுகிறது.

சுழலும் பாய்மங்கள் ஏற்கும் நீள்கோள வடிவங்கள் பற்றிய இவரது நூல் 1969 இல் வெளியானது.

சந்திரா தொலைநோக்கி

சூலை 23, 1999 அன்று ஏவப்பட்ட நாசாவின் எக்சு-கதிர் விண் தொலைநோக்கிக்குச் சந்திரா எனப் பெயரிடப்பட்டது. கொத்துகளில் பேரடைகளுக்கு இடையே பல கோடி பாகை வெப்பநிலையில் பரவியுள்ள வளிமத்தை அது படம்பிடிக்கிறது. மோதிய இரு கொத்துகளாலான குண்டுக் கொத்தில், வெப்ப வளிமம் நடுவே பின்தங்கி நிற்பதை அது காட்டியது. ஈர்ப்பு வில்லையாக்க அளவீடுகளோ பெரும்பகுதி நிறை வளிமத்தைவிட்டு விலகியிருப்பதைக் காட்டின. 2006 இல் வெளியான இம்முடிவு கரும்பொருளுக்கு வலுவான சான்றாயிற்று.